மூன்றாம் கேமரா

அசையக் கூடாதாம். எட்டாம் காட்சி முடிந்தபோது சோபாவில் எப்படி இருந்தேனோ அப்படியே இருக்க வேண்டுமாம். வலது கை சோபாவின் கைமேல், இடது கை மடியில், தலை கொஞ்சம் சாய்ந்து, தலைப்பு முழங்காலில் விழுந்தபடி. ஒன்பதாம் காட்சி இதே இடத்தில்தான் தொடங்குகிறது, நடுவில் ஒரு மடிப்பு மாறினாலும் படத்தில் காட்டிக்கொடுத்துவிடுமாம். இருபதே நிமிஷம் மேடம், லைட்டை மாத்திட்டு வந்துடறோம் என்று சொல்லிப் போனார் பிரின்ஸ். நரைத்த தாடியும் கையில் ஃபோனுமாக அலைகிற அந்த மனிதருக்கு வேலையே, யார் எந்தக் கையை எங்கே வைத்திருந்தார்கள் என்று படம் பிடித்து வைத்துக்கொள்வதுதான். முப்பத்தொரு வருஷமாக இந்த இடத்தில் திரை விழும், நான் உள்ளே போய் மோர் குடித்து மூக்கைச் சிந்திவிட்டு வந்து எப்படியோ உட்காருவேன், திரை ஏறும், ஜனங்கள் என்னைப் பார்ப்பார்களா மடிப்பைப் பார்ப்பார்களா? இப்போது ஜனங்களே இல்லை. அறுநூறு நாற்காலியும் காலி. நாலாவது வரிசையில் யாரோ ஒரு டிபன் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதற்குத்தான் நாங்கள் நடித்துக்கொண்டிருக்கிறோம். காலை பதினொன்றரை மணிக்கு ஒரு சபா இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, சுவரெல்லாம் ஓதம். ஹாலில் இரண்டு கேமரா நிற்கிறது. அவற்றைப் பற்றிக் கவலையில்லை, அவை ஜனங்கள் உட்காருகிற இடத்தில் நின்று ஜனங்களைப் போலவே பார்க்கின்றன. மூன்றாவதுதான். மேடையின் வலது பக்கம் ஜன்னல் வரைந்த தட்டி ஒன்று இருந்தது, எங்கள் வீட்டுச் சுவர் அது, அதைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மூன்றாவது கேமராவை நிறுத்தியிருக்கிறார்கள். என் காதிலிருந்து பத்தடி இருக்கும். அந்தச் சுவர் வழியாக இதுவரை ஒருவரும் எங்களைப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை வேறு மாதிரி சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

தாமு சார் அந்தக் கேமராவுக்குத் தெரிந்துவிடுவார் என்பதுதான் பயம். தாமோதரன் என்றால் இந்த ஊரில் நாடகம் பார்க்கிற யாருக்கும் விளக்க வேண்டாம். தொலைபேசி இலாகாவில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் அரிதாரம் பூசி, ஐம்பது வருஷம், ஒரு வரி பிசகியதில்லை. நான் கூட்டுறவு வங்கியில் கவுன்டரிலிருந்து எழுந்து ஓடிவந்து அவருக்குப் பெண்டாட்டியாக நிற்பேன். என் சொந்தப் புருஷனோடு பதினெட்டு வருஷம், அவர் போய்ச் சேர்ந்தார். இவரோடு முப்பத்தொன்று, அதுவும் ஒரே நாடகத்தில். ‘பதினோராம் நம்பர் வீடு’. சபாபதி, ஜானகி என்று ஒரு வயசான தம்பதி, வெளிநாட்டிலிருந்து வரப்போகிற பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் வரமாட்டான் என்று சபாபதிக்கு இரண்டாம் காட்சியிலேயே தெரிந்துவிடும், ஜானகியிடம் சொல்லாமல் கடைசி வரை மூடிவைப்பார். அவ்வளவுதான் கதை. இப்போது ஏதோ ஒரு ஓடிடிக்காரர்கள் இதை மேடையில் இருக்கிறபடியே படம் பிடிக்க வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம், அந்தத் தட்டியைக் கழற்றும் வரை. ஏனென்றால் தாமு சாருக்கு வரி மறந்துபோகிறது. இரண்டு வருஷமாக. இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "மேடையில என்னைக்கு வாயடைச்சு நிக்கிறேனோ அன்னைக்கே அரிதாரத்தைக் கலைச்சுட்டுப் போயிடுவேன் லோகா, ஒருநாள்கூட ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று. சொன்னால் செய்கிற ஆள். அப்படிப் போய்விட்டால் அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாரா?

கும்பகோணத்தில்தான் அது முதலில் நடந்தது. நாலாம் காட்சி. அவர் சாய்வு நாற்காலியில், நான் காபி டம்ளரோடு எதிரில். திடீரென்று ஒன்றும் இல்லை. சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுகிற ஓசை கேட்டது, மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை இருமியது, மல்லிப்பூ வாசனை எங்கிருந்தோ வந்தது, அவர் என்னைப் பார்த்தார், அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் எப்படியோ காட்சி நகர்ந்தது. ஊருக்குத் திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில், "மன்னிச்சுக்க லோகா, எனக்கு வரி போயிடுச்சு" என்றார். தாமு சார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அடுத்த ஆட்டத்திலிருந்து நாலாம் காட்சியில் நான் முதுகைச் சபைக்குக் காட்டி நிற்கத் தொடங்கினேன். சபைக்கு முதுகு காட்டுவது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், ஆனாலும் நின்றேன், என் முகம் அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. சத்தமில்லாமல் உதட்டை அசைப்பேன். அதைப் பார்த்து அவர் பேசுவார். ஒரு வாரப் பத்திரிகையில் எழுதினார்கள், முதுகாலேயே நடிக்கிறார் லோகநாயகி என்று. வெட்டி வைத்திருக்கிறேன். எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை முதல் வேலையே நாலாம் காட்சியை எடுத்ததுதான். நான் வழக்கம்போலச் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன், திரும்பினால் பக்கவாட்டில் கேமராவின் கறுப்புக் கண்ணாடி விழித்துக்கொண்டு நிற்கிறது. சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. ஒரு வீட்டுக்கு மூன்று பக்கம் சுவர் இருந்தால்தானே நாலாவது பக்கம் தைரியமாகத் திறந்து வைக்க முடியும்? எல்லாம் அதற்குள் போயிருக்கும், என் உதடு, அவர் கண், எல்லாம். எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் இவர்கள். முப்பத்தொரு வருஷம் வெறும் டம்ளரைத்தான் ஆற்றினேன், ஒருவரும் கேட்டதில்லை. இப்போது நிஜக் காபி ஊற்றுகிறார்கள், நாலு தடவை எடுத்து நாலு தடவையும் தாமு சார் குடித்தார், அவருக்கு ரத்த அழுத்தம். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேசினால், மேடம் கொஞ்சம் குறைங்க என்கிறாள் ஆதிரை, படத்தை எடுக்கிற பெண், முப்பத்தைந்து இருக்கும், காதில் பெரிய வடையைப் போல எதையோ மாட்டியிருக்கிறாள். குறைத்தால் எனக்கே கேட்கவில்லை. அரிதாரம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது என்று பாதியைத் துடைக்கச் சொன்னாள். எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்பு. இரண்டாம் காட்சியில் கேஸ் சிலிண்டர் வசனத்துக்கு ஜனங்கள் சிரிப்பார்கள், அவர்கள் சிரித்து அடங்கும் வரை நாங்கள் நிற்போம், அதற்குள் அடுத்த வரி தானாக வந்து நாக்கில் உட்காரும். இன்று நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வரி வரவில்லை. தாமு சார் அந்த நேரம் பார்த்து நியூஸ்பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், பாவம், அவருக்கு மறந்துவிட்டது, எப்படியோ சமாளித்தோம்.

ஒன்பதாம் காட்சியின் முதல் வரி என்னுடையது. அது என்ன? ஜானகி சோபாவில் தூங்கிப்போயிருப்பாள், விழித்துப் பார்த்தால் அவர் வாசற்படியில் நிற்பார், அவள் கேட்பாள். என்ன கேட்பாள்? இதைப் பற்றி யோசிக்கக் கூடாது. யோசித்தால் வராது. எழுந்து நின்றால் காலுக்குத் தெரியும், புடவைக்குத் தெரியும், முந்நூறு தடவைக்கு மேல் சொன்ன வரி, அது எங்கே போய்விடும்? மழை பெய்யுதா என்று கேட்பாளா, இல்லை, அது ஆறாம் காட்சி. சாப்பிட்டீங்களா. இல்லை. என் கண்ணாடி எங்கே? "பிரின்ஸ், என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?" "உங்க மடியில இருக்கு மேடம், இடது கைக்குக் கீழ. அப்பவே சொன்னேனே." சொன்னாரா? மனிதர் சலித்துக்கொள்ளாமல்தான் சொல்கிறார், ஆனால் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார், அதுதான் குழப்பம். காலையில் இந்துமதி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, "மாத்திரை போட்டியாம்மா?" என்றாள். போட்டேன் என்றேன். டப்பாவைத் திறந்து பாரு என்றாள். மகளா போலீஸா? திறந்து பார்த்தால் புதன்கிழமை அறை காலி, வியாழனும் காலி. இன்று புதன். அதனால் என்ன, எண்ணிப் போட்டுக்கொடுத்தவள் அவள்தானே, தப்பாகப் போட்டிருப்பாள். இந்த ஷூட்டிங் முடிஞ்சதும் இங்க வந்துடும்மா, மாடியில ரூம் சும்மாதான் இருக்கு என்கிறாள். மாடி ரூமில் நான் யாருக்கு எதிரில் நிற்பேன்? நான் போய்விட்டால் தாமு சாருக்கு யார் உதடு அசைப்பார்கள்? வாசற்படியில் அவர் நிற்பார். ஜானகி கேட்பாள்.

அதோ அவர் இப்போதே வாசற்படியில் நிற்கிறார், வெளிச்சத்துக்கு அளவு பார்க்க நிறுத்திவைத்திருக்கிறார்கள். நல்ல உயரம். மூக்குக்குக் கீழே வியர்த்திருக்கிறது. எழுபத்துநாலு வயசு. இந்தக் காட்சிக்கு ஒரே கேமராவாம், அந்த மூன்றாவதுதான், என் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தைப் பார்க்குமாம், பத்து நிமிஷம் வெட்டே இல்லாமல். ஆதிரை காலையில் விளக்கும்போது கையால் ஒரு சட்டம் போட்டுக் காட்டினாள், அந்தச் சட்டத்துக்குள் அவர் நெற்றியும் தாடையும் மட்டும்தான் கொள்ளும். மேடையில் இருபதடி தள்ளித் தெரிகிற முகத்தை ஒரு சுவர் அளவுக்குப் பெரிசாக்கினால் அதில் எதை மறைப்பது? நான் உதட்டை அசைத்தால் அவர் கண் என் உதட்டுக்கு வரும், கண் ஓடுவது தெரியும். அசைக்காவிட்டால் அவர் நிற்பார். வாயடைத்து நிற்பார். அது பதிவாகும். நாடகத்தில் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கே ஜனங்கள் பஸ் பிடிக்கிற அவசரத்தில் மறந்துவிடுவார்கள். இது அழியாது, யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். தாமோதரன் மறந்து நின்ற இடம் இது என்று நிறுத்திக்கூடப் பார்ப்பார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். நான் ஆட்டவில்லை, எனக்குத்தான் அசைய அனுமதியில்லையே.

ஆதிரை வந்து என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தாள். கையில் பலகை மாதிரி ஒரு திரை. என் இதயம் அடித்துக்கொண்டது அவள் காதிலிருந்த வடையில் கேட்டிருக்கும், என் ரவிக்கைக்குள்தானே மைக்கைக் குத்தியிருக்கிறார்கள். "மேடம், உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். தாமு சார் பார்த்துட்டு, உங்களுக்குக் காட்ட வேணாம்னு சொன்னார். ஆனா வேற வழி தெரியல எனக்கு." போச்சு, பார்த்துவிட்டாள். மறுத்துவிடலாம், அது எங்கள் நாடகத்தில் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லிவிடலாம், நான் ஜெபம் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், அவரைக் காப்பாற்ற எந்தப் பொய்யையும் சொல்லலாம். "நாலாவது சீன். மூணாவது கேமரா." திரையில் விரலை வைத்தாள். நான் தெரிந்தேன். முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தேன், இவ்வளவு சுருக்கமா? அப்புறம் டம்ளர். அப்புறம் அவர், பக்கவாட்டில், நாற்காலியில். அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. அசைந்து முடிந்ததும் நான் பேசினேன். மறுபடி அவர் உதடு, மறுபடி நான். அவர் தன் வசனத்தைத் தடையில்லாமல் கணீரென்று சொன்னார், சொல்லி முடித்த கையோடு உதட்டை மெதுவாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தாங்களும் வாயைத் திறப்பார்களே அப்படித் திறந்து மூடினார், நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் உதடும் அசைந்தது, நான் நினைத்தது சரிதான், அசைந்தது. ஆனால் அவருக்கு அப்புறம். எப்போதும் அவருக்கு அப்புறம்.

"இது தியேட்டர்காரங்க நிறைய பேருக்கு இருக்கிற பழக்கம்தான் மேடம், எதிர்ல இருக்கிறவங்க டயலாக்கையும் சேர்த்து முணுமுணுக்கறது" என்றாள் ஆதிரை. நல்ல பெண், ஒன்றும் புரியாத நல்ல பெண். "நாலாவது சீன்ல வேற ஆங்கிள் வச்சு சமாளிச்சுக்குவேன். ஆனா இந்த சீன் முழுக்க அவர் முகம்தான். உங்க ஏழு வரியும் அவர் முகத்து மேலதான் போகுது. வாய் அசைஞ்சா எடுத்ததே வேஸ்ட். அவ்ளோ பெரியவர்கிட்ட அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? நீங்க சொன்னா கேப்பார்." நான் தலையாட்டினேன். மடிப்பு கலைந்தது. பிரின்ஸ் தூரத்திலிருந்து ஐயோ என்றார்.

முதுகைக் காட்டி நில் என்று சொன்னது யார்? நான்தான் நின்றேன். இல்லை. தஞ்சாவூர் ஆட்டத்துக்கு முன்னால், கண்ணாடி முன்னால் மீசை ஒட்டிக்கொண்டே, "நாலாம் காட்சியில நீ திரும்பி நின்னு பாரேன் லோகா, எதார்த்தமா இருக்கும்" என்றார். அவர்தான் சொன்னார். சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்று என் முதுகில் அடித்துச் சொல்லிக்கொடுத்த மனிதர். நான் திரும்பி நின்றால் என் உடம்பு சபைக்கு அவர் முகத்தை மறைக்கும். என் உதட்டை மறைக்க இல்லை, அவர் உதட்டை மறைக்க. நியூஸ்பேப்பரும் இரண்டு வருஷமாகத்தான், சபைப் பக்கம் அவர் உதட்டை மூட. கும்பகோணம். மின்விசிறி, குழந்தையின் இருமல், மல்லிப்பூ, அவர் கண்ணில் பயம். அந்தப் பயம் அவருக்காக இல்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை வாயைத் திறந்தபடி நின்றாளே, அவளைப் பார்த்துப் பயந்திருக்கிறார். வரி போனது எனக்கு. வேனில் வந்து மன்னிப்புக் கேட்டது அவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அவருக்காக அழுதேன், கடவுளே, நான் அவருக்காகப் பரிதாபப்பட்டு அழுதேன், இரண்டு வருஷமாக அவருக்கு ஒத்தாசை செய்கிற மிதப்பில் நடந்திருக்கிறேன், சார் இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று ஒருநாள் தட்டிக்கூடக் கொடுத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். டப்பாவில் வியாழக்கிழமை மாத்திரையைத் தின்றது யார்? நான்தானே. ஒன்பதாம் காட்சி, முதல் வரி. வாசற்படியில் அவர் நிற்பார், ஜானகி கேட்பாள், ஜானகி கேட்பாள், ஜானகி. இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மறந்துபோன வீட்டு எண்ணைத் தேடுகிற மாதிரிகூட இல்லை, தெருவே இல்லை. சோபாக் கையைப் பிடித்துக்கொண்டேன். இது எவ்வளவு தூரம் போகும்? முதலில் வரி, அப்புறம் பெயர், அப்புறம் இந்துமதியின் முகமா? எழுந்து ஓடிவிடலாம். உடம்பு சரியில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். ஓடினால் நேரே கோயம்புத்தூர் மாடி ரூம்தான், இனிமேல் மேடை கிடையாது, எனக்கு எதிரே யாரும் நிற்க மாட்டார்கள்.

தாமு சார் வந்து என் பக்கத்தில் உட்காரப் போனார். "சார், மடிப்பு!" என்று கத்தினார் பிரின்ஸ். உட்காராமல் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"காட்டிட்டாளா?"

"உங்க வாய் அசையுதாம் சார். அடக்கணுமாம்."

"அடக்கிட்டாப் போச்சு. ஏழு வரிதானே. நீ சொல்லிடுவே."

"கும்பகோணத்துல நின்னது யாரு சார்?"

மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "யாரா இருந்தா என்ன? நாடகம் நிக்கல."

"எனக்கு வரி போயிடுச்சுன்னு நீங்க ஏன் சொன்னீங்க?"

"அப்ப வேன்ல உன்னை நீ பார்த்திருக்கணும். கை நடுங்கிட்டிருந்துச்சு. எனக்கு மறந்துடுச்சுன்னு சொன்னேன், உடனே நின்னுடுச்சு. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குக் கேட்க இன்னொரு கேள்வி இருந்தது, அதை எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை.

"ஒன்பதாவது, முதல் வரி என்ன சார்?" என்றேன். சொன்னார். நாலே வார்த்தை. அவர் சொல்லும்போது, அட இதுதானே, இதையா மறந்தேன் என்று சிரிப்பே வந்தது. இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேலே ஒரு விளக்கைத் திருப்பினார்கள், வெளிச்சம் கண்ணில் அடித்தது, கண்ணை மூடித் திறந்தேன். போய்விட்டது. நாலும் போய்விட்டது. மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டாலும் அது என்னிடம் தங்காது என்பது தெரிந்துவிட்டது, அதுதான் பயத்திலும் பெரிய பயம். அவர் வாயை மூடிக்கொண்டால் நான் நிற்பேன். அவர் முகம் திரையில், என் குரல் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. பத்து நிமிஷம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரால் முடியாது. அசைத்துவிடுவார், அவரை எனக்குத் தெரியும். அப்புறம் இந்தப் பெண் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி எடுப்பாள், மறுபடி, மூன்றாம் தடவை அவளுக்கே விளங்கிவிடும்.

"ஆதிரை" என்று கூப்பிட்டேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில். ஓடி வந்தாள். "அந்தக் கேமராவைத் தூக்கி வாசற்படிக்கு வெளியில வை. சாருக்குப் பின்னாடி. என்னைப் பார்க்கட்டும்." அவள் விழித்தாள். "சார் முதுகுதானே தெரியும் மேடம்?" "தெரியட்டும்." "அப்ப சீன் முழுக்க உங்க முகம்தான். ரொம்பக் கிட்டத்துல. நடுவுல நான் வெட்ட மாட்டேன், ஒரு கண்ணிமைப்புகூடத் தப்பாது." தெரியும் என்றேன். "லோகா, வேணாம்" என்றார் தாமு சார் என் காதருகில். "அதுல எல்லாம் தெரியும். நீ தேடறதும் தெரியும்." எல்லாம் தெரியும்தான். வரிக்காகக் காத்திருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று சற்றுமுன்தான் அந்தப் பலகையில் பார்த்தேன். இந்துமதி அதைப் பார்ப்பாள், பார்த்ததும் புரிந்துகொண்டு பெட்டியோடு வருவாள். "தெரிஞ்சா தெரியட்டும் சார். நீங்க வாயை அடக்க வேண்டாம்" என்றேன். ஐம்பது வருஷத்தில் சபைக்கு முதுகு காட்டாத மனிதர் அந்தக் கேமராவை ஒரு தரம் பார்த்தார், காலி நாற்காலிகளை ஒரு தரம் பார்த்தார், போய் வாசற்படியில் நின்றார்.

விளக்கை மறுபடி மாற்றினார்கள். பிரின்ஸ் வந்து ஃபோனைப் பார்த்து என் தலைப்பை முழங்காலில் போட்டுவிட்டுப் போனார். வலது கை சோபாவின் மேல். இடது கை மடியில். கண்ணை மூடிக்கொண்டேன், ஜானகி தூங்க வேண்டும். அமைதி என்று யாரோ கத்தினார்கள். ஒரு கட்டை தட்டப்பட்டது. மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள், குழந்தை இல்லை, மல்லிப்பூ இல்லை, என் ரவிக்கைக்குள் மைக் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆக்‌ஷன் என்றாள். கண்ணைத் திறந்தேன். வாசற்படியில் அவர், அவர் தோளுக்கு மேலே கறுப்புக் கண்ணாடி. என்னிடம் ஒன்றும் இல்லை. இருக்கிறதெல்லாம் முகம் மட்டும்தான். அவர் மெதுவாகக் கேமராவுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. நாலு வார்த்தை. நான் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன், எனக்கு அவசரம் இல்லை.

"எவ்வளவு நேரமா இங்கயே நிக்கிறீங்க?"

அவர் சொல்ல வேண்டியது, இப்பதான் வந்தேன் என்பது. இரவெல்லாம் நின்றுவிட்டுச் சபாபதி சொல்கிற பொய் அது, சபையே அடங்கிப்போகிற இடம். சொல்லவில்லை. உதடு அசையவில்லை. தாடை மட்டும் அசைந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான் எண்ணினேன். ஆதிரை வெட்டவில்லை. தாமு சாருக்கு வரி போய்விட்டது. ஐம்பது வருஷத்தில் முதல் தடவை, நிஜமாகவே போய்விட்டது. என் வரி எனக்கு வரவில்லை, ஆனால் அவருடையது எனக்குத் தெரிந்தது, நேற்றுப் பேசியதைப் போலத் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி நேரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும். சத்தமில்லாமல், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து அசைத்தேன். இப்பதான்.

"இப்பதான் வந்தேன்" என்றார்.

அடுத்த வரி என்னுடையது. நான் அவர் உதட்டைப் பார்த்தேன்.